வழக்குக் கட்டில் இல்லாத பக்கங்கள்: வாசகர் கேள்வி – பதில்

இலவசச் சட்ட உதவி பற்றிய ஒரு கேள்விக்குச் சென்ற இதழில் விடையளித்தபோது, குற்ற வழக்கை நடத்தும் வழக்கறிஞருக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவரும் இருக்க வேண்டும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு ஆதரித்தும் கோபித்தும் பல கடிதங்கள் வந்துவிட்டன. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: சமூகப்பணியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். களப்பணிக்கு எங்களை மருத்துவமனை, பள்ளி, தொழிற்சாலை ஆகிய இடங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள். குற்றஞ்சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர் அலுவலகத்தில் சமூகப் பணியாளருக்கு உண்மையிலேயே என்ன வேலை இருக்கிறது?
– மாணவி, திருச்சிராப்பள்ளி

பதில்: ஏதாவது ஒரு கொலை வழக்கின் கட்டை வாங்கிப் பிரித்துப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை, பார்வை மகஜர், சாட்சிகளின் வாக்குமூலங்கள், பிரேதப் பரிசோதனைச் சான்று, இறுதியில் குற்றப்பத்திரிகை என்று நூறு இருநூறு பக்கங்கள் இருக்கும். அத்தனையும் ஒரு நாளின் கதை, பல வழக்குகளில் அரை மணி நேரத்தின் கதை. அந்த அரை மணி நேரத்துக்கு முன்பு அந்த மனிதர் இருபத்தைந்து ஆண்டுகளோ நாற்பது ஆண்டுகளோ வாழ்ந்திருக்கிறார். தந்தை பெயரையும் கதவிலக்கத்தையும் தவிர அந்த வாழ்க்கையைப் பற்றி ஒரு தாள்கூடக் கட்டில் இராது. நம் நீதிமன்றத் தமிழ் அவரை 'முதலாம் எதிரி', 'இரண்டாம் எதிரி' என்றுதான் குறிக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன்பே ஒருவரை எதிரியாக்கிவிடும் இந்தச் சொல் எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருந்து வருகிறது.

கட்டில் இல்லாத அந்தப் பக்கங்களைத் தேடிச் சேர்ப்பதுதான் சமூகப் பணியாளரின் முதல் வேலை. ஆரம்ப சுகாதார நிலையத்தின் பழைய அட்டை, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், அரசு மருத்துவமனையில் தலைக்காயத்துக்குச் சிகிச்சை பெற்ற சீட்டு, செங்கல் சூளையிலிருந்து குடும்பம் மீட்கப்பட்டபோது வருவாய்க் கோட்டாட்சியர் கொடுத்த விடுவிப்புச் சான்றிதழ் என ஒவ்வொன்றும் எங்கோ ஒரு தகரப் பெட்டியிலோ அலுவலக அலமாரியிலோ கிடக்கும். அவற்றை எடுப்பதோடு, தாய், உடன்பிறந்தோர், பழைய ஆசிரியர், வேலை கொடுத்தவர், அண்டை வீட்டார் ஆகியோரைத் தனித்தனியாகவும் திரும்பத் திரும்பவும் சந்தித்து, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடும், இருவர் சொன்னதையும் காகிதத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படித் திரட்டியதை வழக்கறிஞருக்குப் புரியும்படியும், வழக்கறிஞர் விரும்பினால் நீதிபதிக்குப் புரியும்படியும் ஒரு வாழ்க்கை வரலாறாக எழுத வேண்டும்.

ஒரு காகிதம் என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மை வழக்கைச் சொல்கிறேன். 1994-இல் புனேயில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்ட வழக்கில் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அவர் ராஜஸ்தானத்தைச் சேர்ந்தவர். அவருடைய ஊர்ப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் சற்று வேறாக இருந்தது. வழக்கில் எழுதப்பட்ட வயதும் பிழையாக இருந்தது. அந்தப் பதிவேட்டின் அடிப்படையில், குற்றம் நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டரை வயதுதான் என்பதை உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் ஏற்று அவரை விடுவித்தது. அதற்குள் அவர் 28 ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழித்துவிட்டிருந்தார். இளம் வயதினர் என்ற வாதத்தை வழக்கின் எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்று இளைஞர் நீதிச் சட்டம் இடம் தருவதால்தான் இது முடிந்தது. முதல் ஆண்டிலேயே யாராவது அந்த ஊருக்குப் பேருந்து ஏறியிருந்தால் என்ற எண்ணம் அந்தத் தீர்ப்பைப் படிக்கும் எவருக்கும் வராமல் போகாது.

மரண தண்டனை வழக்குகளோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணிக்கையில் மிகப் பெரியது ஜாமீன் பணிதான். ஜாமீன் கிடைத்தும் பிணையதாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடப்பவர்கள் எல்லாச் சிறையிலும் இருக்கிறார்கள். 1978-இல் மோத்திராம் வழக்கில், ஓர் ஏழைக் கொத்தனாரிடம் பத்தாயிரம் ரூபாய்க்குப் பிணை கேட்டதையும், அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று சொல்லிப் பிணையை மறுத்ததையும் உச்ச நீதிமன்ற நீதியரசர் கிருஷ்ணய்யர் கடுமையாகச் சாடினார். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, ஜாமீன் கிடைத்தும் வெளிவர முடியாதவரின் சமூகப் பொருளாதார நிலையைப் பற்றி நன்னடத்தை அலுவலரோ சட்டத் தன்னார்வலரோ அறிக்கை தயாரித்து, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி நீதிமன்றத்தில் வைக்கலாம். வீட்டுக்குப் போய், வாடகைச் சீட்டையும் குழந்தைகளின் பள்ளிக் கட்டண ரசீதையும் பார்த்து, இவர் ஓடிப் போகக்கூடியவர் அல்லர் என்று நான்கு பக்கத்தில் எழுதத் தெரிந்தவர் உங்கள் வகுப்பில் இருக்கிறாரா, சட்டக் கல்லூரி வகுப்பில் இருக்கிறாரா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

இவை தவிர, குடிநோய்க்குச் சிகிச்சை ஏற்பாடு செய்வது, சிறையில் இருப்பவரின் மனநலம் சரிவதைக் கண்டு வழக்கறிஞருக்குச் சொல்வது, விசாரணை என்றால் என்ன என்பதை அவருக்குப் புரிகிற மொழியில் விளக்குவது, வாய்தாவுக்குத் தவறாமல் வரச் செய்வது ஆகியவையும் உண்டு. மனநலப் பிரிவில் களப்பணி செய்தவருக்கு இவற்றில் எதுவும் புதிதாக இராது.

கேள்வி: பதினொரு ஆண்டுகளாகக் குற்றவியல் வழக்கு நடத்துகிறேன். கட்சிக்காரரின் குடும்பத்தை நானே விசாரித்துக்கொள்கிறேன். முடியாதபோது குமாஸ்தாவை அனுப்புகிறேன். இதற்கென்று தனி ஆள் தேவையா?
– வழக்கறிஞர், மதுரை

பதில்: நீங்கள் விசாரிப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, கருப்பு அங்கி அணிந்தவரிடம், 'என் கணவர் இவனைச் சிறு வயதில் கட்டிப் போட்டு அடிப்பார்' என்று ஒரு தாய் முதல் நாளிலேயே சொல்லிவிடுவாரா? அவர் சொல்ல வருவது மூன்றாவது சந்திப்பிலோ ஐந்தாவது சந்திப்பிலோதான். அதுவும் தம் வீட்டுத் திண்ணையில், கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது. காத்திருப்பது அந்தத் தொழிலின் பயிற்சி. நமக்கு அடுத்த நீதிமன்றத்தில் வழக்கு அழைத்துவிடுவார்கள்.

இன்னொரு காரணம் நம் தொழில் விதிகளிலேயே இருக்கிறது. தாமே சாட்சியாக வேண்டிவரும் என்று தெரிந்த வழக்கை ஒரு வழக்கறிஞர் நடத்தலாகாது. கட்சிக்காரரின் ஊருக்குப் போய் நீங்கள் கண்டதையும் கேட்டதையும் நீங்களே கூண்டேறிச் சொல்ல முடியாது. சமூகப் பணியாளர் சொல்லலாம்.

வழக்கறிஞர் இந்த வேலையைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் விக்கின்ஸ் எதிர் ஸ்மித் தீர்ப்பு நல்ல பாடம். மேரிலாந்து மாநிலத்தில் 1988-இல் நடந்த ஒரு மூதாட்டியின் கொலைக்காக விக்கின்ஸுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றவியல் சமூகப் பணியாளர் ஒருவரை அமர்த்தி வாழ்க்கை வரலாற்று அறிக்கை தயாரிக்க அவருக்காக வாதாடிய அரசுச் சட்ட உதவி அலுவலகத்திடம் பணம் இருந்தது. அப்படிச் செய்வதுதான் அந்த மாநிலத்தில் வழக்கமும்கூட. அவருடைய வழக்கறிஞர்கள் அதைச் செய்யவில்லை. தண்டனைக்குப் பிறகு வந்த வழக்கறிஞர்கள் ஒரு சமூகப் பணியாளரை அமர்த்தியபோதுதான், குடிக்கு அடிமையான தாய் குழந்தைகளைப் பட்டினியாக நாள்கணக்கில் தனியே விட்டுச் சென்றதும், அடுப்பில் வைத்துக் குழந்தையின் கையைச் சுட்டதும், பிறகு வளர்ப்பு வீடுகளில் அவன் பாலியல் கொடுமைக்கு ஆளானதும் வெளிவந்தன. இவற்றில் பலவற்றுக்கு அரசு ஆவணங்களே இருந்தன. இவற்றைத் தேடாமல் விட்டது திறமையான சட்ட உதவி ஆகாது என்று 2003-இல் ஏழு நீதிபதிகள் கூறினர், இருவர் உடன்படவில்லை. அதே ஆண்டில் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் திருத்தி வெளியிட்ட நெறிமுறைகள், மரண தண்டனை வழக்கில் எதிர்த்தரப்புக் குழு, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக வாதாடும் குழு, என்றால் குறைந்தது இரு வழக்கறிஞர்கள், ஒரு புலனாய்வாளர், வாழ்க்கைச் சூழலை ஆராயும் வல்லுநர் ஒருவர் இருக்க வேண்டும் என்று வரையறுத்தன. அந்த நான்காமவர் பெரும்பாலும் சமூகப்பணி படித்தவராகவே இருக்கிறார்.

நம் நாட்டில் சட்டம் பின்தங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. 1973-ஆம் ஆண்டுக் குற்ற விசாரணை முறைச் சட்டம் 235(2)-ஆம் பிரிவில், தண்டனை பற்றிக் குற்றவாளியைத் தனியாகக் கேட்க வேண்டும் என்றது. இன்றைய சட்டத்தில் அது 258-ஆம் பிரிவு. கேட்பது என்றால் இரண்டு வார்த்தை கேட்டு எழுதிக்கொள்வது மட்டுமல்ல, பின்னணி பற்றிய சான்றுகளை வைக்க வாய்ப்பளிப்பதும் அதில் அடங்கும் என்று 1976-இலேயே சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. 1980-இல் பச்சன் சிங் வழக்கு, குற்றத்தோடு குற்றவாளியையும் பார் என்றது. நடைமுறை என்ன என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். காலையில் 'குற்றவாளி' என்று தீர்ப்பு, பிற்பகலில் தண்டனை. இடைப்பட்ட நேரத்தில், 'வயதான தாயார் இருக்கிறார், சிறு குழந்தைகள் இருக்கின்றன, முதல் குற்றம், கருணை காட்ட வேண்டும்' என்று ஒரு மனப்பாட வாக்கியம். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு நீதிபதிகளுக்கும் சலித்துவிட்டது.

கடலூர் மாவட்டத்தில் ஏழு வயதுச் சிறுவன் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கு இதற்குச் சான்று. மரண தண்டனை உச்ச நீதிமன்றத்திலும் உறுதியான பின்னர், 2023-இல் மறு ஆய்வின்போதுதான், தண்டனையைக் குறைக்கக்கூடிய சூழ்நிலைகளை விசாரணை நீதிமன்றம் முதல் மேல்முறையீடு வரை எந்தக் கட்டத்திலும் எவரும் ஆராயவில்லை என்பதை அதே நீதிமன்றம் எடுத்துக் கூறியது. சிறையிலிருந்து கேட்டுப் பெறப்பட்ட விவரங்களில், தண்டனை பெற்றவர் உணவுத் தயாரிப்பில் பட்டயம் பெற்றிருந்ததும் இருந்தது, 2013-இல் தப்ப முயன்றதும் இருந்தது. இரண்டையும் பார்த்தே, குறைந்தது இருபது ஆண்டுகளுக்குக் குறைப்பில்லாத ஆயுள் சிறையாகத் தண்டனை மாற்றப்பட்டது. இதற்கு முந்தைய ஆண்டில், மனோஜ் எதிர் மத்தியப் பிரதேச அரசு வழக்கில், இத்தகைய விவரங்களை விசாரணை நீதிமன்ற நிலையிலேயே திரட்ட வேண்டும் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு நெறிமுறை வகுத்திருந்தது. டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தின் 'பிராஜெக்ட் 39ஏ' குழு தயாரித்த இத்தகைய வாழ்க்கை வரலாற்று அறிக்கைகள் உச்ச நீதிமன்றத்தில் பார்க்கப்படத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் பதில், ஆம், தனி ஆள் தேவை. தீர்ப்பு நாளில் அல்ல, வக்காலத்து போட்ட வாரத்திலேயே தேவை. குமாஸ்தா தம் வேலையைப் பார்க்கட்டும்.

கேள்வி: குற்றவாளியின் துயரக் கதையைச் சொல்லித் தப்பிக்க வைப்பதற்குப் படித்தவர்கள் ஏன் துணை போக வேண்டும்? பறிகொடுத்த குடும்பத்தின் வீட்டுக்கு எந்தச் சமூகப் பணியாளராவது போகிறாரா? வறுமையில் வளர்ந்தவர்கள் எல்லாரும் கொலையா செய்கிறார்கள்?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: ஐயா, உங்கள் கடைசிக் கேள்வியை ஒவ்வொரு அரசு வழக்கறிஞரும் கேட்கிறார், கேட்க வேண்டியதுதான். வறுமையில் வளர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் யாருக்கும் தீங்கு செய்வதில்லை. அதனால்தான் 'ஏழை' என்ற ஒரு சொல் நீதிமன்றத்தில் பயன்படுவதில்லை, பயன்படவும் கூடாது. ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் ஆசிரியரானார், தம்பி கூண்டில் நிற்கிறார் என்றால், தம்பிக்கு மட்டும் நேர்ந்தது என்ன என்று தேடுவது சமூகப் பணியாளரின் வேலை. எதுவுமே இல்லை என்பதும் விடையாக வரலாம். அப்படி வந்தால் வழக்கறிஞரிடம் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தப்பிக்க வைப்பது என்ற சொல்லை மட்டும் மறுக்கிறேன். குற்றம் செய்தாரா என்பதை இந்த அறிக்கை தீர்மானிப்பதில்லை. எவ்வளவு தண்டனை என்பதை முடிவு செய்ய வேண்டிய நீதிபதியின் கையில், அரசுத் தரப்பு கொடுத்த பாதியோடு மறுபாதியையும் கொடுக்கிறது, அவ்வளவே. கடலூர் வழக்கில்கூட அவர் வெளியே அனுப்பப்படவில்லை.

பறிகொடுத்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதில் எனக்கு மாறுபாடே இல்லை. அவர்களுக்கு உதவ வேண்டியவர்கள் வேறு. அந்த அமைப்பும் நம்மிடம் வலுவாக இல்லை. ஆனால் எதிர்த்தரப்புக் குழுவில் இருக்கும் சமூகப் பணியாளர் அந்த வீட்டுக்குத் தாமாகப் போய்க் கதவைத் தட்டுவது ஆறுதலாக இராது. சாட்சியைக் கலைக்க வந்ததாகவே படும், சட்டத்தின் கண்ணிலும் அப்படியே படக்கூடும். போகாமல் இருப்பதே அவர்களுக்குச் செய்யும் மரியாதை.

கேள்வி: சமூகப் பணியாளரிடம் சொல்லப்படும் இரகசியத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா? குழந்தைகள் மீதான பாலியல் குற்றம் ஒன்று விசாரிக்கும்போது தெரியவந்தால் அவர் என்ன செய்வார்?
– வழக்கறிஞர், திருநெல்வேலி

பதில்: இந்த வாரக் கடிதங்களில் மிகக் கடினமான கேள்வி உங்களுடையது. நிம்மதியான விடை இதற்குக் கிடையாது.

வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக் கூடாது என்னும் விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தில் 132-ஆம் பிரிவாக இருக்கிறது. அதன் உட்பிரிவு, மொழிபெயர்ப்பாளருக்கும், வழக்கறிஞரின் எழுத்தருக்கும் பணியாளருக்கும் அந்த விதி பொருந்தும் என்கிறது. சமூகப் பணியாளர் என்ற சொல் அங்கே இல்லை. ஆகவே உங்கள் அலுவலகத்தில் முறைப்படி நியமிக்கப்பட்டு, உங்கள் அறிவுறுத்தலின்படி, இந்த வழக்குக்காக வேலை செய்பவர் என்றால் 'பணியாளர்' என்ற சொல்லுக்குள் வருகிறார் என்று வலுவாக வாதாடலாம். நட்புக்காகவோ தொண்டு நிறுவனத்தின் சார்பிலோ வந்து பேசிவிட்டுப் போகிறவருக்கு அந்த வாதம் பலவீனமானது. நியமனக் கடிதம் ஒன்றை எழுதிக் கையெழுத்து வாங்கிக் கோப்பில் வைத்துவிட்டு, அதன் பிறகே அவரைச் சிறைக்கு மனு போட்டுக் கட்சிக்காரரைப் பார்க்க அனுப்புங்கள். சிறை அதிகாரிகள் அவரைத் தனி அனுமதி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது வேறு. 2022-இல் சில மரண தண்டனை மேல்முறையீடுகளில் இத்தகைய ஆய்வாளர் கைதியைச் சந்திக்க உச்ச நீதிமன்றமே அனுமதி வழங்கியிருக்கிறது. உங்கள் மனுவில் அதைக் காட்டலாம்.

பாலியல் குற்றத்தைப் பொறுத்தவரை, போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு 'எந்த ஒரு நபரும்' தகவல் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. வழக்கறிஞருக்கான இரகசியக் காப்பும் இந்தக் கடமையும் நேருக்கு நேர் மோதும் இடம் இது. அமெரிக்காவிலும் இதே சிக்கல் உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் சமூகப் பணியாளர் குழந்தை வதையைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர், வழக்கறிஞரோ காக்கக் கடமைப்பட்டவர். ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு இரண்டு தருமம். அங்குள்ள அலுவலகங்கள் பலவும் இதை எழுத்துப்பூர்வமாக முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கின்றன.

என் கருத்தைச் சொல்கிறேன். இப்போது ஆபத்தில் இருக்கும் ஒரு குழந்தையைப் பற்றித் தெரியவந்தால் இரகசியம் என்று வாயை மூடிக்கொள்ளும் சமூகப் பணியாளரை நான் என் குழுவில் வைத்துக்கொள்ள விரும்பமாட்டேன். இது தொழில் தருமத்துக்கு மாறானது என்று நினைக்கும் மூத்த வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதிட்டிருக்கிறேன், முடிவு காணவில்லை. ஆனால் ஒன்றில் எல்லாரும் உடன்படுவர்: முதல் சந்திப்பிலேயே, எதை நான் காப்பேன், எதைக் காக்க முடியாமல் போகலாம் என்று கட்சிக்காரரிடம் எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் கறந்துகொண்ட பிறகு சட்டத்தை விளக்குவது வஞ்சகம்.

குறிப்பெடுப்பதிலும் கவனம் வேண்டும். அறிக்கையைத் தாக்கல் செய்து, எழுதியவர் கூண்டேறினால், குறுக்கு விசாரணையில் அவர் கையில் உள்ள குறிப்பேட்டையும் கேட்பார்கள். ஆகவே தாக்கல் செய்வதா வேண்டாமா என்று வழக்கறிஞர் முடிவெடுக்கும் வரை, வாய்மொழியாகச் சொல்லிக்கொள்வதே பல அனுபவசாலிகளின் பழக்கம். மருத்துவமனையில் எல்லாவற்றையும் உடனுக்குடன் எழுதிப் பழகிய சமூகப் பணியாளருக்கு இது கையைக் கட்டிப் போட்டது போல இருக்கும்.

கேள்வி: நன்னடத்தை அலுவலர் செய்வதும் இதுதானே?
– வாசகர், வேலூர்

பதில்: இருவரும் ஒரே வீட்டுக்குப் போகக்கூடும், ஒரே தாயிடம் பேசக்கூடும், அனுப்புபவர்தான் வேறு. நன்னடத்தை அலுவலர் நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவர்; 1958-ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டமும் இளைஞர் நீதிச் சட்டமும் அவருக்கு அந்தப் பொறுப்பைத் தருகின்றன. அவரிடம் சொன்னது நீதிபதிக்குப் போகும், கட்சிக்காரருக்குப் பாதகமாக இருந்தாலும் போகும். எதிர்த்தரப்புக் குழுவில் உள்ளவர் வழக்கறிஞருக்கு மட்டுமே பொறுப்புள்ளவர். இளைஞர் நீதிக் குழுமத்தில் நடுவரோடு அமரும் இரு சமூகப் பணியாளர்களையும் இவரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் தீர்ப்பளிக்கும் இருக்கையில் இருப்பவர்கள்.

கேள்வி: இதனால் பயன் உண்டு என்று எண்களில் காட்ட முடியுமா? நம் அரசு ஏன் செலவழிக்க வேண்டும்?
– வங்கி அலுவலர், கோயம்புத்தூர்

பதில்: நியூயார்க் நகரத்தின் பிராங்ஸ் பகுதியில் 1997-இல் தொடங்கப்பட்ட 'பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ்' என்ற அமைப்பு, வழக்கறிஞரும் சமூகப் பணியாளரும் வீட்டு வாடகை, குடியுரிமை, குழந்தைப் பொறுப்பு போன்ற பிற சிக்கல்களைக் கவனிப்பவர்களும் ஒரே குழுவாக இயங்கும் முறையைப் பின்பற்றுகிறது. அதே நீதிமன்றங்களில் வழக்கமான முறையில் வழக்கு நடத்தும் இன்னோர் அமைப்போடு இதை ஒப்பிட்டு, பத்தாண்டுகளில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. எந்த வழக்கு எந்த அமைப்புக்குப் போகிறது என்பது ஏறக்குறையக் குலுக்கல் போலவே அமைந்ததால் ஒப்பீடு நம்பத்தக்கது. சிறைத் தண்டனை விதிக்கப்படும் வாய்ப்பு 16 விழுக்காடும், தண்டனைக் காலம் 24 விழுக்காடும் குறைந்தன. குற்றவாளி என்று முடிவாகும் விகிதம் மாறவில்லை. விடப்பட்டவர்கள் மீண்டும் கூடுதலாகக் குற்றம் செய்ததாகவும் தெரியவில்லை. கும்பகோணத்து ஆசிரியருக்கும் இந்த இரண்டு செய்திகளைச் சேர்த்தே அனுப்புகிறேன். குறைந்ததற்குச் சமூகப் பணியாளர் மட்டுமே காரணம் என்று பிரித்துச் சொல்ல இயலாது. குழுவின் பலன் அது.

இங்கே, 2022 முதல் மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்த சட்ட உதவி பாதுகாப்பு வழக்கறிஞர் திட்டம் நல்ல தொடக்கம். முழுநேர ஊதியத்தில் தலைமை, துணை, உதவி வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். அலுவலகப் பணியாளர்களும் இருக்கிறார்கள். சமூகப் பணியாளருக்கு மட்டும் அந்தப் பட்டியலில் இடமில்லை. மும்பையில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் 'பிரயாஸ்' திட்டம் 1990 முதல் சிறைகளில் சமூகப் பணியாளர்களை வைத்து இயங்கிவரும் நாட்டில், இதைச் செய்வது எப்படி என்று யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மாவட்டத்துக்கு ஒருவர் என்றால்கூட மாநிலத்துக்கு நாற்பதுக்கும் குறைவான பணியிடங்கள்தான். ஒரு விசாரணைக் கைதியின் உணவுக்கும் காவலுக்கும் ஆகும் செலவைக் கணக்கிடத் தெரிந்த நீங்களே மீதியைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: என் தம்பி கொலை வழக்கில் சிறையில் இருக்கிறான். வழக்கறிஞர் அனுப்பியதாக ஒரு பெண் இரண்டு முறை வீட்டுக்கு வந்து, அப்பாவின் குடி, தம்பிக்குச் சிறு வயதில் வந்த வலிப்பு, அவன் ஏழாம் வகுப்போடு நின்ற காரணம் எல்லாம் கேட்கிறார். குடும்ப மானம் போய்விடும் என்று அம்மா அழுகிறார். சொல்லலாமா?
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மாவின் அச்சம் நியாயமானது. முதலில் வழக்கறிஞருக்கு நீங்களே தொலைபேசியில் பேசி, அவர்தாம் அனுப்பினாரா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆம் என்றால், அடுத்த முறை அந்தப் பெண் வரும்போது, 'நாங்கள் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள், நீதிமன்றத்தில் வாசிப்பார்களா, செய்தித்தாளில் வருமா' என்று நேரடியாகக் கேளுங்கள். நல்ல பயிற்சி பெற்றவர் என்றால் கோபித்துக்கொள்ளாமல், உங்களிடம் கேட்காமல் எதுவும் தாக்கல் செய்யப்படாது என்றோ, வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றோ பதில் சொல்வார். சொல்ல விரும்பாததை இன்று சொல்ல வேண்டாம். அவர் மறுபடியும் வருவார்.

வலிப்பைப் பற்றி மட்டும் தயங்காதீர்கள். அது வெறும் குடும்பச் செய்தி அன்று. செயலின் தன்மையை அறிய முடியாத மனநிலையில் ஒருவர் இருந்தாரா என்பதைப் பாரதிய நியாயச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு கேட்கிறது. அது பொருந்துமா பொருந்தாதா என்று மருத்துவரும் வழக்கறிஞரும் முடிவு செய்வார்கள். பொருந்தாவிட்டாலும் தண்டனையின்போது அதற்கு மதிப்பு உண்டு. எந்த மருத்துவமனை, எந்த ஆண்டு, என்ன மாத்திரை என்று நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள். இரக்கம் வர வேண்டும் என்று எதையும் கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். ஒன்று பொய் என்று குறுக்கு விசாரணையில் தெரிந்தால் உண்மையான ஒன்பதும் அதோடு போய்விடும்.

அப்பாவின் குடியைப் பற்றி அம்மாவுக்கு உங்கள் முன்னால் பேசக் கூச்சமாக இருக்கலாம். அந்தப் பெண்ணும் அம்மாவும் தனியாக இருக்கும்படி, நீங்கள் கடைக்குப் போவது போல அரை மணி நேரம் வெளியே போய்விடுங்கள். பழைய மருத்துவச் சீட்டு, பள்ளிச் சான்றிதழ் ஏதாவது கிடைத்தால் நகலை மட்டும் கொடுத்து, கொடுத்ததற்குத் தேதியிட்டு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, அசலை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்றம் அசலைக் கேட்கும் நாள் ஒன்று வரும்.